பாய்மரத்தின் அடியில் எந்தக் கப்பி?

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் பெர்க்லி துறையில் எங்கள் வரிசையில் நிற்கும் பழைய படகுகளின் கேபின் கூரையைப் பார்த்தாலே, அதன் சொந்தக்காரர் கையில் எந்த வருடம் காசு இருந்தது, எந்த வருடம் இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு கப்பியில் அந்தக் காலத்துப் பழுப்புச் சக்கரம் இருக்கும், பக்கத்திலேயே கறுப்பு அலுமினியத்தில் ஒன்று மினுங்கும், மூன்றாவது வேறெங்கிருந்தோ கழற்றி வந்ததாக இருக்கும். எங்கள் படகும் அப்படித்தான் இருந்தது. நானும் நண்பனும் பாதிப் பாதி போட்டு வாங்கிய கேட்டலினா 30 அது. ஃபிராங்க் பட்லர் தொடங்கிய கலிஃபோர்னியா நிறுவனம் 1970-களிலிருந்து 6,000-க்கும் மேல் கட்டித் தள்ளிய குடும்பப் படகு. முப்பதடி நீளம், நாலரை டன் எடை. வேகத்துக்காக யாரும் இதை வாங்குவதில்லை. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், விலை குறைவு, உதிரிப் பாகம் சுலபமாகக் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் பெரும்பாலானவை முப்பது வயதைத் தாண்டிவிட்டன. அதனால் பாய்மரத்தின் அடியில் உள்ள கப்பிகளை மாற்றுவதா, எதைப் போடுவது என்ற கேள்வி எல்லோருக்கும் ஒருநாள் வந்தே தீரும்.

எங்களுக்கு அது ஒரு ஜூலை மதியம் வந்தது. கோடையில் கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு சூடேறி, கடல்மேலுள்ள குளிர்காற்றை கோல்டன் கேட் வாய் வழியாக உறிஞ்சும். மதியத்துக்கு மேல் 20, 25 நாட் (மணிக்கு அத்தனை கடல்மைல்) காற்று சர்வசாதாரணம். கேட்டிலிருந்து பெர்க்லி பக்கமாக நீளும் அந்தக் காற்றுப் பாதையை உள்ளூரில் ஸ்லாட் என்பார்கள். அதன் நடுவில் பெரிய பாயைச் சுருக்க நண்பன் முன்னால் போய் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். பாயை ஏற்றும் கயிறான ஹாலியார்டைத் தளர்த்தினால் பாய் இறங்கவில்லை. இழுத்து இறக்கி, சுருக்கிய பாயின் முன்மூலையைப் பிடிக்கும் ரீஃப் கொக்கியை மாட்டி, மறுபடி ஏற்றினால் கயிறு இறுக்கும் உருளையான வின்ச்சில் கயிறு முனகுகிறது. திரும்பி வந்தவன் கேட்ட முதல் கேள்வி, "மச்சான், எல்லாக் கயிறையும் காக்பிட்டுக்கே கொண்டு வந்துட்டா என்ன?"

காக்பிட், அதாவது ஓட்டுகிறவர் உட்காரும் பின்பக்கம் வரை, கொண்டு வரலாம். அதற்குத்தான் பாய்மரத்தடிக் கப்பி. பாயை ஏற்றும் கயிறு (ஆஞ்சான் என்று நம் கடலோரச் சொல் ஒன்று உண்டு, இங்கே எல்லோரும் சொல்வதுபோல ஹாலியார்ட் என்றே வைத்துக்கொள்கிறேன்) உச்சியில் ஒரு சக்கரத்தில் திரும்பி மரத்தை ஒட்டிக் கீழே இறங்கும். அடியில் ஒரு கப்பியில் 90 டிகிரி திரும்பி, கூரைமேல் படுத்திருக்கும் இன்னொரு சக்கரத்தில் லேசாக வளைந்து, கயிறுபிடிக்கும் கிளட்ச் வழியாக வின்ச்சுக்கு வரும். ஆக, கயிறு மூன்று இடத்தில் திரும்புகிறது. ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு திருப்பமும் இழுவையில் பத்தில் ஒரு பங்கைத் தின்றால், நூறு கிலோ இழுத்தால் மறுமுனையில் 73 கிலோதான் சேரும்.

கப்பி வாங்கப் போகும் முன் ஒரு சோதனை. காசு செலவில்லாதது. ஹாலியார்டைப் பாயிலிருந்து கழற்றி, முனையில் இன்னொரு நீளக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, வின்ச் பக்கத்திலிருந்து கையால் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கப்பிகள் மேல் பழியில்லை. பாயின் ஓரத்தில் உள்ள சிறு வழுக்கிகளும் அவை ஓடும் தடமும்தான் சிக்கல். தடத்தைக் கழுவி, உலர்ந்த மசகு தெளித்தால் போதும். எண்ணெய், கிரீஸ் வேண்டாம், அழுக்கை ஒட்டிவைக்கும். எங்கள் படகில் பாதிக்குப் பாதி குற்றம் தடத்தில்தான் இருந்தது. இதை முன்னாலேயே செய்திருந்தால் அந்த ஜூலை மதியம் வேறு மாதிரி போயிருக்கும். ஆனாலும் மரத்தடியில் ஏற்கெனவே இருந்த திருப்பக் கப்பி நிஜமாகவே செத்துப்போயிருந்தது, அது வேறு.

அடுத்தது, கயிறுகளைப் பின்னால் கொண்டு வருவதா, மரத்திலேயே விடுவதா. காக்பிட்டிலிருந்தே எல்லாம் செய்யலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஹாலியார்டை மட்டும் பின்னால் கொண்டுவந்து, ரீஃப் கொக்கியை முன்னாலேயே விட்டுவைத்தால் முன்பைவிட மோசமாகிவிடும். முன்பு ஒருவர் மரத்தடியில் நின்று ஒரு கையால் ஹாலியார்டையும் மறு கையால் கொக்கியையும் பார்த்துக்கொள்வார். இப்போது கயிறு ஒரு முனையில், கொக்கி மறுமுனையில், நடுவில் இரண்டு பேர் காற்றில் கத்திக்கொள்ள வேண்டும். அதனால் பின்னால் கொண்டுவருவதென்றால் ஹாலியார்டோடு ரீஃபின் முன்முனைக் கயிறு, பின்முனைக் கயிறு இரண்டும் சேர்ந்து வர வேண்டும். அதாவது குறைந்தது மூன்று கப்பி. இரண்டையும் ஒரே கயிற்றில் அடக்கும் ஒற்றைக்கயிற்று ரீஃப் முறையும் உண்டு. கயிறு குறையும், உராய்வு கூடும். பழைய படகில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்பாயின் ஹாலியார்ட் கதையே வேறு. முன்பாய் உருட்டிச் சுருட்டும் வகையென்றால், அந்த ஹாலியார்டை வருடத்துக்கு இரண்டு தடவை தொட்டால் அதிகம். அதற்கொரு கப்பி, ஒரு கிளட்ச், கூரையில் இன்னும் நாலு ஓட்டை தேவையே இல்லை. மரத்திலேயே இருக்கட்டும். பின்னால் கொண்டு வந்தவர்களில் பலர் பிறகு வருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கப்பிக்கு வருவோம். அதன்மேல் எவ்வளவு சுமை விழுகிறது? கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து கிலோ வாளியைத் தூக்க நீங்கள் பத்து கிலோ இழுக்கிறீர்கள். மேலே உள்ள குறுக்குக்கட்டை தாங்குவது இருபது. கயிறு முழுசாகத் திரும்பி வந்தால் கப்பிக்கு இரண்டு மடங்கு. 90 டிகிரி திரும்பினால் 1.41 மடங்கு. கூரைமேல் சக்கரத்தில் 30 டிகிரி வளைந்தால் வெறும் பாதி. எங்கள் வின்ச் 16-ஆம் எண். அதாவது கைப்பிடியில் ஒரு கிலோ தள்ளினால் கயிற்றில் 16 கிலோ, ஏட்டளவில். பதினைந்து கிலோ தள்ளினால் 240. உராய்வைக் கழித்து 200 என்று வைத்தால், பாய்மரத்தடிக் கப்பியில் 280 கிலோ. காற்று அறைந்தால் அதற்கு மேல். பாதுகாப்பான வேலைச்சுமை அதைப்போல இரண்டு மடங்காவது இருக்கும் கப்பியைத் தேடுங்கள். கூரைச் சக்கரத்துக்கு இந்தக் கவலையே வேண்டாம், சாதா வகை போதும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற கூரைச் சக்கரத்தில் காசைப் போட்டுவிட்டு, மரத்தடியில் மிச்சம் மீதி கிடந்ததை மாட்டுகிறார்கள்.

சந்தையில் உள்ளவற்றை நான் நாலாகப் பிரிப்பேன்.

சாதா புஷ் வைத்த கப்பி: சக்கரம் ஓர் அச்சின்மேல் நேராகச் சுழலும். ஸ்டெயின்லெஸ் பக்கத்தகடு, பிளாஸ்டிக் அல்லது அலுமினியச் சக்கரம். கேட்டலினாக்களுக்குச் சாமான் கொடுத்த கலிஃபோர்னியாவின் கார்ஹாவர் நிறுவனக் கப்பிகள் தோற்றத்தில் இந்தச் சாயல்தான். பார்க்கக் கனமாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். கொஞ்சம் கூடுதலாக இழுக்க வேண்டும், அது உண்மை. ஆனால் பாரத்தோடு மாதக்கணக்கில் அசையாமல் நின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

பால் பேரிங் கப்பி: 1960-களில் விஸ்கான்சினின் ஹார்கன் சகோதரர்கள் பிளாஸ்டிக் குண்டுகளை வைத்துக் கப்பி செய்து பந்தயப் படகுகளை மாற்றிப்போட்டார்கள். விரலால் சுண்டினால் நெடுநேரம் சுற்றும். கடையில் நின்று சுண்டிப் பார்க்கிறவர் அங்கேயே மயங்கிவிடுவார். பெரிய பாயின் அடியில் படுத்திருக்கும் கட்டையான பூமை இழுத்து விடும் மெயின்ஷீட் கயிற்றுக்கு இதைவிட நல்லது இல்லை, ஏனெனில் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஹாலியார்ட் அப்படியில்லை. பத்தரை மீட்டர் ஏறும்வரை லேசாக ஓடி, கடைசி ஒரு சாணில் முழுப் பாரமும் ஏறி, அப்புறம் நாள் முழுக்க அப்படியே நிற்கும். அசையாத பாரத்தில் பிளாஸ்டிக் குண்டுகள் மெல்ல மெல்லத் தட்டையாகும்.

இது எனக்குப் படித்துத் தெரிந்ததல்ல. நண்பன் பழைய சாமான் கடையில் பாதி விலைக்கு இரண்டு பால் பேரிங் கப்பிகளைப் பார்த்தான். "எடுத்துரலாமா?" என்றான். நானும் சுண்டிப் பார்த்துவிட்டு, "எடுடா" என்றேன். ஒரே ஒரு கோடை. செப்டம்பரில் கழற்றிச் சுற்றினால் கரடுமுரடான சாலையில் மாட்டுவண்டி போவதுபோலக் கடகடத்தது. கடைக்காரர் மேல் தப்பில்லை, கப்பி செய்தவர் மேலும் இல்லை. வேறு வேலைக்குப் பிறந்த கப்பி அது.

மூன்றாவது, உயர்சுமை ரோலர் பேரிங். குண்டுக்குப் பதில் டோர்லான் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் உருளைகள், பக்கவாட்டு உராய்வுக்கு மட்டும் சிறு குண்டுகள். ஹார்கனின் பிளாக் மேஜிக் வரிசை இந்த வகை. பாரமும் தாங்கும், சுலபமாகவும் ஓடும். விலை மட்டும் சாதா புஷ் கப்பியைவிடப் பல மடங்கு. நாற்பதடிப் படகுக்கும் பந்தயத்துக்கும் நியாயம். முப்பதடியில் எல்லாக் கயிற்றுக்கும் இதைப் போடுவது, டவுன் பஸ்ஸுக்கு விமான டயர் மாட்டுவதுபோல.

நாலாவது, கப்பியே அல்ல. சக்கரமில்லாத அலுமினிய வளையம். டைனீமா என்ற மிக வலுவான செயற்கை இழைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால், கயிறு அதன் வழவழப்பான உட்புறத்தில் வழுக்கிப் போகும். உடைய எதுவுமில்லை, எடையில்லை, விலை குறைவு, பலம் ஏராளம். இப்போது எல்லோரும் எல்லா இடத்திலும் இதையே போடுகிறார்கள். லேசான வளைவுக்கு எனக்கும் பிடிக்கும். ஆனால் மரத்தடியில் 90 டிகிரி, அதுவும் முழுப் பாயை ஏற்றுவதற்கு, உராய்வு நன்றாகவே தெரியும். வளையத்தைத் தாங்கும் டைனீமா கட்டு வெயிலில் காய்ந்துகொண்டே இருப்பதால் அதையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

இத்தனை பேசினாலும், கப்பி உடைந்து நடந்த விபத்தைவிடக் கப்பியைப் பிடித்திருந்தது பிய்ந்து நடந்ததே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. கப்பியை எங்கே கட்டுவது என்பதுதான் இதில் பெரிய முடிவு. எந்தப் பேரிங் என்பது அதற்குப் பிறகு.

மூன்று வழி உண்டு. கூரையில் கண்வளையம் போட்டு போல்ட் பண்ணுவது முதலாவது. பாய்மரத்தை இறக்க வேண்டாம், ஒரு சனிக்கிழமையில் முடியும். ஆனால் கூரை என்பது இரண்டு ஃபைபர்கிளாஸ் தோலுக்கு நடுவே மரம் வைத்த சாண்ட்விச். ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளிருக்கும் அந்த மரம் ஊறி மக்கி, காலை வைத்தால் அமுங்கும். செய்வதென்றால் ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, எப்பாக்சி ஊற்றி நிரப்பி, காய்ந்தபின் நடுவில் சரியான அளவில் துளைக்க வேண்டும். கீழே அகலமான தகடு வைக்க வேண்டும், சின்ன வாஷர் போதாது. கசிவைத் தடுக்க பியூட்டில் டேப் நல்லது. 3எம் 5200 பசையைத் தயவுசெய்து தொடாதீர்கள். பத்து வருடம் கழித்து அந்தக் கண்வளையத்தைக் கழற்ற வருகிறவர் உங்களைத்தான் திட்டுவார், அது பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள்.

இரண்டாவது, பாய்மரத்தின் கீழ்ப்பகுதியிலேயே கப்பியைத் திருகுவது. வேலை சுலபம். ஆனால் அலுமினிய மரமும் ஸ்டெயின்லெஸ் திருகும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் மின்கலம்போல வேலை செய்து அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவில் டெஃப்ஜெல் மாதிரி ஒரு தடுப்புக் களிம்பு கட்டாயம். மூன்றாவது, மரத்தின் காலுக்கும் கூரைக்கும் நடுவே, ஓரங்களில் காதுபோல ஓட்டைகள் வைத்த கனமான ஸ்டெயின்லெஸ் தகட்டைச் செருகி, கப்பிகளை அந்தக் காதுகளில் ஷாக்கிள் என்ற U வடிவக் கொளுவி போட்டு மாட்டுவது.

நான் மூன்றாவது கட்சி. ஹாலியார்ட் இறுக்கும்போது கப்பி மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுக்கப்படுகிறது. கேட்டலினா 30-இல் பாய்மரம் கூரைமேல்தான் நிற்கிறது, கீழே கேபினுக்குள் ஒரு தூண் அதைத் தாங்குகிறது. கயிறு தகட்டை எவ்வளவு மேலே இழுக்கிறதோ அதற்கு மேலாகவே மரம் அதே தகட்டைக் கீழே அழுத்துகிறது. மேல்நோக்கிய கணக்கு தகட்டுக்குள்ளேயே தீர்ந்துபோகிறது, கூரைக்கு வருவதில்லை. கண்வளையம் போட்டால் கூரையின் ஓரிடம் மேலே இழுபடும், அடுத்த சாணில் மரம் கீழே அமுக்கும். பாய்மரம் கூரையைத் துளைத்துக்கொண்டு படகின் அடிவரை போய் நிற்கும் வகை உங்களுடையதென்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே மரம் கூரையை அழுத்துவதே இல்லை. கூரைக் கப்பிகள் அதைக் கூடாரம்போல மேலே தூக்கும். அதனால்தான் அந்தப் படகுகளில் கூரையையும் மரத்தையும் இணைக்க உள்ளே ஓர் இழுகம்பி இருக்கும். பலர் கேபினில் இடைஞ்சல் என்று அதைக் கழற்றி வைத்திருப்பார்கள்.

தகட்டு முறையின் ஒரே தொல்லை, பாய்மரத்தைக் கிரேன் வைத்துத் தூக்க வேண்டும். ஆனால் முப்பது வயதுப் படகில், பாய்மரத்தை நிமிர்த்திப் பிடித்திருக்கும் நிற்கும் கம்பிகளை எப்படியும் மாற்ற வேண்டும். 10 முதல் 15 வருடம் என்பது பாய்மரம், கம்பி வேலை பார்க்கும் ரிகர்கள் சொல்லும் கணக்கு, காப்பீட்டுக்காரர்களும் அதையே பிடித்துக்கொள்வார்கள். இரண்டையும் ஒரே கிரேனில் முடித்துவிடலாம். மரம் கீழே படுத்திருக்கும்போது உச்சிச் சக்கரங்களையும் பாருங்கள். முற்காலத்தில் பாதி கம்பி, பாதி கயிறு என்று ஹாலியார்ட் இருந்தது. கம்பிக்கென்று குறுகலாக வெட்டிய பள்ளத்தில் இன்றைய கயிறு ஓடினால் ஓரம் தேய்ந்து பிசிறும். அப்புறம் கேட்டலினா 30-க்கே உரிய ஒரு சோதனை. கேபின் தூணின் அடியில், படகின் அடித்தண்ணீரில் ஊறும் மரக்கட்டை. அது மக்கியிருந்தால் பாய்மரம் மெல்ல இறங்கும், கூரை குழியும், கம்பிகள் எத்தனை இறுக்கினாலும் தளரும். அதைச் சரிசெய்யாமல் மேலே எந்தக் கப்பி போட்டும் பயனில்லை.

எங்கள் பழைய தகட்டின் ஒரு காதில், ஷாக்கிள் உரசும் இடத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. மேலிருந்து பார்த்தால் லேசான பழுப்புக் கறை, அவ்வளவே. வீட்டில் இதை எவர்சில்வர் என்கிறோம். பெயரை நம்பி ஏமாறக்கூடாது. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பது காற்றுப் படுவதால்தான். உப்புத் தண்ணீர் தேங்கி, காற்றுப் புகாத இடுக்கில் அது உள்ளுக்குள்ளேயே அரிக்கும். மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் 304-ஐவிடத் தாங்கும், ஆனால் சாகாவரம் பெற்றதல்ல.

கயிறு பற்றி ஒரு வார்த்தை. பாலியெஸ்டரிலிருந்து டைனீமா உள்ளீடு வைத்த கயிற்றுக்கு மாறினால் பாய் நன்றாக நிற்கும், காற்று அறையும்போது கயிறு நீளாது. ஆனால் அதுவரை கயிறு நீண்டு விழுங்கிக்கொண்டிருந்த அதிர்ச்சி இனி நேராகக் கப்பிக்கும் தகட்டுக்கும் போகும். பழைய கப்பியில் புதுக் கயிறு போடுவதைவிடப் பழைய கயிற்றைப் புதுக் கப்பியில் ஓட்டுவது மேல். மெல்லிய கயிறு பழைய கிளட்ச்சில் வழுக்கவும் செய்யும், அளவைப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியில் எங்கள் படகில் நடந்தது இதுதான். மரத்தை இறக்கி, 316-இல் ஆறு காது வைத்த புதுத் தகடு போட்டோம். பெரிய பாயின் ஹாலியார்டுக்கு அகலச் சக்கரம் வைத்த சாதா புஷ் கப்பி, நிமிர்ந்து நிற்க அடியில் ஒரு ஸ்பிரிங். அது இல்லாவிட்டால் இரவெல்லாம் கூரையில் டக் டக் என்று அடிக்கும், கீழே தூங்குகிறவருக்குத் தெரியும் அந்த வேதனை. ரீஃப் கயிறுகள் இரண்டும் பாரத்தோடு நீளமாக ஓடுபவை. இருந்த காசை அங்கேதான் போட்டோம், ரோலர் பேரிங். பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வாங் கயிறு ஓடிக்கொண்டே இருப்பது, அதற்குப் பால் பேரிங். முன்பாயின் ஹாலியார்ட் மரத்திலேயே நிற்கிறது. நிற்கும் கம்பிகளுக்கு 19 இழை முறுக்கிய 1×19 கம்பிதான், கீழ்முனையில் மட்டும் கழற்றி மாட்டக்கூடிய ஸ்டாலாக் முனைப்பிடி. தண்ணீர் தேங்குவது கீழ்முனையில்தானே.

மிச்சக் காதுகள் காலி. அதில் ஒன்று, பின்காற்றில் விரிக்கும் பெரிய பலூன் பாயான ஸ்பின்னேக்கரின் ஹாலியார்டுக்கு என்று விட்டது. நண்பன் ரோலர் என்கிறான். மூன்று வருடமாக நாங்கள் ஸ்பின்னேக்கரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை என்கிறேன் நான்.